வி.ஆர்., ஏ.ஆர். ஹெட்செட்டுக்குச் சிறிய ஒளியமைப்பை வடிவமைப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

ஓசூர் சிப்காட்டில் மோல்டு, டை வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. பர்கூரிலும் தர்மபுரியிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு வந்துவிடுகிறது. இவ்வளவு இருந்தும், தலையில் அணியும் வி.ஆர். (கற்பனை உலகை மட்டும் காட்டுவது) அல்லது ஏ.ஆர். (வெளியுலகின் மேல் படத்தைச் சேர்த்துக் காட்டுவது) ஹெட்செட்டுக்கு லென்ஸ் வடிவமைக்க வேண்டும் என்று ஒரு மாணவரோ தொழிலாளரோ விரும்பினால், எந்தக் கணக்கை முதலில் போடுவது, எதை அடுத்து முடிவு செய்வது என்ற வரிசை தமிழில் எளிதாகக் கிடைப்பதில்லை. அந்த வரிசையைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலும் கொஞ்சம் முக்கோணவியலும் தெரிந்திருந்தால் போதும்.

முதற்படி: கண்ணின் அளவுகளை எழுதுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் லென்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு அதற்கேற்ற திரையையும் சட்டகத்தையும் தேடுகிறார்கள். ஹெட்செட்டில் அந்த வழி சரிப்படாது. கேமராவில் படம் விழும் இடத்தை நாம் விரும்பியபடி அமைக்கலாம். இங்கே பார்ப்பது மனிதக் கண். அதன் அளவுகளை யாராலும் மாற்ற முடியாது. ஆகவே ஒரு தாளை எடுத்து, கண்ணைப் பற்றிய எண்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கண்பாவையின் விட்டம் வெளிச்சத்தைப் பொறுத்து 2 மி.மீ. முதல் 8 மி.மீ. வரை மாறும். ஹெட்செட் திரையின் வெளிச்சத்தில் 4 மி.மீ. என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வெளியிலிருந்து பார்க்கும்போது, பாவை கார்னியாவுக்கு (விழியின் முன்புறமுள்ள தெளிந்த படலம்) ஏறத்தாழ 3 மி.மீ. பின்னால் இருப்பதாகத் தெரியும். விழி சுழலும் மையம் அதற்கும் 10 மி.மீ. பின்னால் இருக்கிறது. தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் 20 பாகை சுழற்றினால், பாவை பக்கவாட்டில் சுமார் 3.4 மி.மீ. நகர்கிறது. இடம், வலம் இரண்டையும் கூட்டி, பாவையின் 4 மி.மீ. விட்டத்தையும் சேர்த்தால் 11 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். விளிம்பில் வெளிச்சம் கொஞ்சம் மங்குவதைப் பொறுத்துக்கொண்டு இதை 10 மி.மீ. என்று வைக்கலாம். கண் எங்கே நகர்ந்தாலும் படம் மறையாமல் இருக்க வேண்டிய இந்தப் பரப்பைத்தான் ஐபாக்ஸ் என்கிறார்கள்.

இரு பாவைகளுக்கும் இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மி.மீ. இருக்கும், 55 முதல் 72 மி.மீ. வரை இடம் கொடுத்தால் பெரும்பாலோருக்குப் பொருந்தும். கார்னியாவிலிருந்து லென்ஸ் வரையிலான இடைவெளி மூக்குக்கண்ணாடி அணியாதவர்களுக்கு 15 மி.மீ. போதும், அணிந்தவர்களுக்கு 20 மி.மீ. வேண்டும். கடைசியாக, நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகைக்கு 60 பிக்சல் வரை பிரித்தறியும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் காகிதக் கணக்கு

இந்தப் படியில் நீங்கள் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் அது வீண் போகாது. 90 பாகைப் பார்வைப் புலம் கொண்ட வி.ஆர். ஹெட்செட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் லென்ஸின் விட்டம். பாவையிலிருந்து லென்ஸ் வரையுள்ள தூரம் 15-உடன் 3 சேர்ந்து 18 மி.மீ. புலத்தின் பாதி 45 பாகை. அதன் டேன்ஜென்ட் 1. ஐபாக்ஸின் 10 மி.மீ.யுடன் இரு பக்கத்துக்கும் 18, 18 என்று கூட்டினால் 46 மி.மீ. கிடைக்கிறது. மூக்குக்கண்ணாடி அணிபவருக்காக இடைவெளியை 20 ஆக்கினால் விட்டம் 56 மி.மீ. ஆகிவிடும். அதாவது 5 மி.மீ. இடைவெளி கேட்டதற்கு 10 மி.மீ. விட்டத்தை விலையாகக் கொடுக்கிறோம். பாவைகளுக்கு இடையே இருப்பதே 63 மி.மீ. என்பதால், 56 மி.மீ. லென்ஸ் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூக்குக்கு மிஞ்சுவது 7 மி.மீ.தான். சில நிறுவனங்கள் பவர் உள்ள மெல்லிய லென்ஸைத் தனியாகச் செய்து உள்ளே ஒட்டிக்கொள்ளும்படி தருவதற்கு இதுவே காரணம். 2024-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ அந்த வழியில்தான் செல்கிறது.

இந்த விட்டம் லென்ஸின் வகையைச் சார்ந்தது அல்ல என்பதைக் கவனியுங்கள். சாதாரண லென்ஸானாலும், பின்னால் பார்க்கப்போகும் ஒளியை மடிக்கும் லென்ஸானாலும், கண்ணுக்கு முன்னால் நிற்கும் பரப்பு இந்த அளவு இருந்தே ஆக வேண்டும். நாம் சுருக்கக்கூடியது தடிமனை மட்டுமே.

அடுத்தது குவியத்தூரம். திரையைக் குவியத்துக்குச் சற்று உள்ளே வைத்தால், அதன் பெரிதாக்கப்பட்ட மாயபிம்பம் தொலைவில் தெரியும். ஹெட்செட்டின் அடிப்படை வேலை இவ்வளவுதான். 38 மி.மீ. குவியத்தூரம் எடுத்துக்கொண்டால், உருக்குலைவே இல்லாத லென்ஸுக்கு 90 பாகையை நிரப்ப 76 மி.மீ. அகலத் திரை வேண்டும். கண்களின் இடைவெளி 63 மி.மீ.தான் என்பதால் இரு திரைகளும் மோதிக்கொள்ளும். குவியத்தூரத்தைப் பாதியாக்கி 19 மி.மீ. என்று வைத்தால் திரை 38 மி.மீ.க்குச் சுருங்கும், ஆனால் 46 மி.மீ. விட்டமும் 19 மி.மீ. குவியத்தூரமும் சேர்ந்தால் எஃப் எண் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 0.41 ஆகிறது. காற்றில் நல்ல பிம்பம் தரும் லென்ஸுக்கு 0.5 என்பதே கோட்பாட்டு எல்லை. அதையும் தாண்டிய ஒன்றை ஒற்றை லென்ஸால் யாரும் செய்துவிட முடியாது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உருக்குலைவை வேண்டுமென்றே விட்டுவைப்பது. திரையில் ஒரு புள்ளியின் உயரம் கோணத்தின் டேன்ஜென்ட்டுக்கு ஏற்ப வளராமல், கோணத்துக்கே நேர்விகிதத்தில் வளரும்படி லென்ஸை அமைத்தால், அதே 38 மி.மீ. குவியத்தூரத்துக்குத் திரையின் அகலம் 60 மி.மீ. போதும். கண்ணுக்கு விளிம்புகள் இழுபட்டுத் தெரியும் என்பது உண்மைதான். படத்தை அனுப்பும் மென்பொருள் விளிம்புகளை முன்கூட்டியே உட்பக்கமாகச் சுருக்கி அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனி அளவில் சுருக்கினால் விளிம்பில் தெரியும் நிறப்பிறழ்ச்சியும் பெருமளவு சரியாகும். கணினி செய்யக்கூடிய திருத்தத்தை லென்ஸின் மேல் சுமத்தாதீர்கள். மங்கலை மட்டும் மென்பொருளால் சரிசெய்ய முடியாது. லென்ஸின் உழைப்பு முழுவதும் அதற்குப் போகட்டும். இரண்டாவது வழி ஒளியை மடிப்பது. அதை அடுத்த படியில் பார்ப்போம்.

கூர்மையையும் இங்கேயே கணக்கிடுங்கள். 60 மி.மீ. திரையில் 2000 பிக்சல் இருந்தால், 90 பாகையில் பரவும்போது பாகைக்கு 22 பிக்சல் கிடைக்கும். கண்ணின் 60-க்கு இது வெகு தொலைவு. புலத்தை அகலமாக்கினால் கூர்மை குறையும், ஐபாக்ஸை அகலமாக்கினால் லென்ஸ் பெரிதாகும். எதை விட்டுக்கொடுப்பது என்பதை இந்தத் தாளிலேயே முடிவு செய்து, தேதியிட்டு வைத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

ஒற்றைக் குவிலென்ஸ் மலிவானது. கூகுள் 2014-இல் வெளியிட்ட கார்ட்போர்டு என்ற அட்டை ஹெட்செட்டில் இருந்தது 45 மி.மீ. குவியத்தூரமுள்ள சாதாரண இருபுறக் குவிலென்ஸ்தான். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் அது தடிமனானது, விளிம்பில் மங்கும்.

ஃப்ரெனல் லென்ஸ், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலங்கரை விளக்கங்களுக்காக அகஸ்டின் ஃப்ரெனல் உருவாக்கிய எண்ணம். லென்ஸின் வளைவை வட்ட வட்டப் பள்ளங்களாக வெட்டிப் பருமனை நீக்கிவிடுகிறோம். 2016-இன் ஹெச்டிசி வைவ் ஹெட்செட்டும் 2020-இன் குவெஸ்ட் 2 ஹெட்செட்டும் இதைக் கையாண்டன. எடை குறைகிறது, திரைக்கும் லென்ஸுக்குமான தூரம் குறைவதில்லை. பள்ளங்களின் செங்குத்துச் சுவர்களில் படும் ஒளி சிதறுவதால், கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைக் காட்டும்போது எழுத்திலிருந்து கதிர்கள் பீறிடுவதுபோலத் தெரியும். இன்று புதிதாகத் தொடங்குபவர் இதில் அதிகக் காலத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஒளியை மடிக்கும் பான்கேக் அமைப்பில்தான் உண்மையான சுருக்கம் கிடைக்கிறது. விமானப் பயிற்சிக் கருவிகளுக்காக 1960-களிலேயே தோன்றிய இந்த எண்ணம், பிகோ 4 (2022), குவெஸ்ட் 3 (2023), விஷன் ப்ரோ (2024) ஆகியவற்றின் வழியாகப் பரவலானது. ஒளி செல்லும் வழியைப் படிப்படியாகத் தொடர்ந்து பாருங்கள். திரையிலிருந்து வரும் ஒளி, போலரைசரையும் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடு) கால் அலைத் தகட்டையும் (அந்த அதிர்வைச் சுழலும் அதிர்வாக மாற்றுவது) கடந்து வட்டத் தளவிளைவு பெறுகிறது. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும் பூச்சுள்ள வளைந்த பரப்பைக் கடக்கிறது. இன்னொரு கால் அலைத் தகட்டைக் கடந்து, எதிரொளிக்கும் போலரைசரில் (ஒரு திசை அதிர்வை விட்டு, அதற்குச் செங்குத்தானதைத் திருப்புவது) பட்டுத் திரும்புகிறது. மீண்டும் வளைந்த பரப்புக்கு வந்து அங்கே எதிரொளிக்கும்போது அதன் சுழற்சித் திசை மாறிவிடுகிறது. இந்த முறை எதிரொளிக்கும் போலரைசர் அதைக் கண்ணுக்கு விட்டுவிடுகிறது. ஒரே இடைவெளியை ஒளி மூன்று முறை கடப்பதால் தடிமன் பாதியளவுக்கும் கீழே இறங்க முடிகிறது. குவிக்கும் வேலையில் பெரும்பகுதியை வளைந்த ஆடியே செய்வதாலும், எதிரொளிப்பில் நிறங்கள் பிரிவதில்லை என்பதாலும், நிறப்பிறழ்ச்சியும் குறைகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை வெளிச்சம். பாதிப் பூச்சை ஒளி இரண்டு முறை சந்திப்பதால், தளவிளைவு பெற்ற எல்சிடி திரையிலிருந்து அதிகபட்சம் 25 விழுக்காடும், ஓஎல்இடி திரையிலிருந்து 12.5 விழுக்காடும் மட்டுமே கண்ணை அடையும். கண்ணுக்கு 100 நிட் (திரையின் பிரகாசத்துக்கான அலகு) வேண்டுமானால் ஓஎல்இடி சராசரியாக 800 நிட் தர வேண்டும். தலை திரும்பும்போது படம் இழுபடாமலிருக்கத் திரையை நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் ஒளிரவிட்டால், அந்தக் கணத்தில் 8000 நிட் தேவைப்படும். வெப்பமும் மின்கலமும் இந்த எண்ணோடு கட்டுண்டவை.

ஏ.ஆர். என்றால்

வெளியுலகமும் தெரிய வேண்டும் என்றவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே அணியப்போகிறார் என்பதுதான். ஓசூர் பட்டறை ஒன்றின் உள்ளே 500 லக்ஸ் (பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் இருந்தால் அங்குள்ள வெள்ளைத் தாள் 130 நிட் அளவில் ஒளிரும். அதே தாளைக் கிருஷ்ணகிரி மாந்தோப்புக்கு வெளியே உச்சி வெயிலில், ஒரு லட்சம் லக்ஸில் பிடித்தால் 25,000 நிட் ஆகும். இரண்டுக்கும் 200 மடங்கு வேறுபாடு. ஆகவே ஒரே கண்ணாடியை இரண்டு இடத்துக்கும் என்று தொடங்காதீர்கள். பட்டறைக்குள் பயன்படுவதை முதலில் செய்யுங்கள்.

பேர்ட்பாத் அமைப்பில், 45 பாகை சாய்ந்த பாதி ஆடியும் கண்ணுக்கு முன்னால் வளைந்த பாதி ஆடியும் இருக்கும். கையால் கட்டிப் பார்க்கக்கூடியது இதுவே. திரையின் ஒளியில் எட்டில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வரும், வெளியுலகமும் கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் மங்கும். வேவ்கைடு வேறு வகை. நுண்திரையின் ஒளியை ஒரு மெல்லிய தகட்டுக்குள் செலுத்தி, முழு அக எதிரொளிப்பால் நகர்த்தி, கண்ணுக்கு எதிரே சிறிது சிறிதாகப் பல இடங்களில் வெளியேற்றுகிறோம். அதனால்தான் சிறிய திரையிலிருந்தும் பெரிய ஐபாக்ஸ் கிடைக்கிறது. ஒளிவிலகல் எண் 1.5 ஆனால் மாறுநிலைக் கோணம் 41.8 பாகை, 1.8 ஆனால் 33.7 பாகை, 2 ஆனால் 30 பாகை. அக்கோணம் சிறியதாகச் சிறியதாக, தகட்டுக்குள் அகப்படும் கோணங்களின் வரம்பு விரிகிறது, பார்வைப் புலமும் விரிகிறது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2 (2019) 52 பாகை மூலைவிட்டப் புலத்தைத் தந்தது. மெட்டா 2024-இல் காட்டிய ஓரியன் மாதிரியில் சிலிக்கான் கார்பைடு தகட்டைக்கொண்டு 70 பாகையை எட்டினார்கள். நானோமீட்டர் அளவில் பள்ளமிடும் வசதி இல்லாமல் இவற்றைப் போன்ற வேவ்கைடைச் செய்ய முடியாது என்பதால், தொடக்கத்தில் அதன் கணக்கை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கதிர்களைப் பின்னோக்கி வரையுங்கள்

மென்பொருளில் ஒளியைத் திரையிலிருந்து கண்ணுக்கு அனுப்பாமல், கண்ணிலிருந்து திரைக்கு அனுப்புங்கள். பாவையைத் துவாரமாக வைத்து, அங்கிருந்து பல கோணங்களில் இணைக்கதிர்களை விட்டால், அவை திரையில் எவ்வளவு சிறிய புள்ளியாகக் கூடுகின்றன என்பது நேரடியாகத் தெரியும். அந்தப் புள்ளி ஒரு பிக்சலின் அளவுக்குள் அடங்க வேண்டும். நம் 60 மி.மீ. திரையில் அது 30 மைக்ரான். ஜீமேக்ஸ், கோட் வி போன்றவை தொழில்முறை மென்பொருள்கள், விலை அதிகம். பைத்தானில் இயங்கும் ரே-ஆப்டிக்ஸ், ஆப்டிலேண்ட் ஆகியவை இலவசம். கற்பதற்கு அவை தாராளமாகப் போதும்.

முதலில் கூம்பு மாறிலியை (பரப்பின் வளைவு கோளத்திலிருந்து எப்படி விலகுகிறது என்று சொல்லும் எண்) மட்டும் மாற்றிப் பாருங்கள். பிறகு நான்காம் அடுக்கு, ஆறாம் அடுக்குக் கோளமற்ற வளைவு எண்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் மென்பொருள் ஏதோ ஒரு விடையைத் தரும், ஏன் அந்த விடை என்பது உங்களுக்குப் புரியாது. கண் நேரே பார்க்கும்போது நடுவிலுள்ள 20 பாகை கூர்மையாக இருக்க வேண்டும், விளிம்பு மங்கினால் கண்ணுக்கே தெரியாது. அதே கண் பக்கவாட்டில் 20 பாகை திரும்பினால் பாவையும் 3.4 மி.மீ. நகர்ந்திருக்கும், அந்த நிலையை இரண்டாவது அமைப்பாகச் சேர்த்து, இரண்டையும் ஒன்றாகச் சீர்செய்யுங்கள். நேர்ப்பார்வைக்கு மட்டும் வடிவமைத்த லென்ஸில், கண்ணைத் திருப்பும்போதெல்லாம் உலகமே நீந்துவதுபோல் வளையும், சிறிது நேரத்தில் குமட்டலும் வரும்.

ஐந்தாம் படி: பிளாஸ்டிக்கும் மோல்டும்

அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49; நிறங்களை அதிகம் பிரிக்காது. பாலிகார்பனேட் 1.585, உறுதியானது, நிறப்பிறழ்ச்சி அதிகம். சைக்ளோ ஓலிஃபின் வகைகள் 1.53 அளவில் இருக்கும். உள் இறுக்கம் குறைவாக இருப்பதால் பான்கேக்குக்கு விரும்பப்படுகின்றன.

பான்கேக்கில் இறுக்கம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை நீங்களே கண்ணால் பார்க்கலாம். எல்சிடி மானிட்டரில் முழு வெள்ளைத் திரையைப் போட்டு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை அதன்முன் சுழற்றி, திரை கறுக்கும் நிலையில் நிறுத்துங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் மோல்டு செய்த லென்ஸைக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த கேட்டுக்கு அருகே, கறுத்த பரப்பின் நடுவில் மஞ்சளும் ஊதாவும் நீலமுமாக விசிறிபோல் பட்டைகள் விரியும். அந்த நிறம் தெரியும் இடங்களிலெல்லாம் பிளாஸ்டிக் ஒளியின் தளவிளைவை மாற்றிக்கொண்டிருக்கிறது. பான்கேக்கில் அங்கே படும் ஒளி மடியாமல் நேராகக் கசிந்து, பொய்ப்பிம்பமாகத் தெரியும். கேட்டை அகலப்படுத்துவது, மோல்டின் வெப்பத்தை உயர்த்தி மெதுவாக ஆறவிடுவது, பிறகு லென்ஸைத் தனியாகச் சூடாக்கி இறுக்கத்தைத் தளர்த்துவது ஆகியவை ஓசூரின் மோல்டிங் ஆட்களுக்குப் பழகிய வேலைகளே. இந்தச் சோதனையைக் காட்டினால் அடுத்து என்ன செய்வது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

பரப்பின் துல்லியம் வேறொரு செய்தி. காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் ஒளி நுழையும் பரப்பில் 1 மைக்ரான் பிழை இருந்தால், ஒளிப்பாதையில் அரை மைக்ரான் பிழை ஏற்படும். பிளாஸ்டிக்குக்கு உள்ளிருந்து ஆடியாகச் செயல்படும் பரப்பில் அதே 1 மைக்ரான் 3 மைக்ரானாகிறது. ஆறு மடங்கு. எல்லாப் பரப்புக்கும் ஒரே டாலரன்ஸ் போட்டு வரைபடம் அனுப்பினால், தேவையற்ற இடத்தில் பணம் போகும், தேவையான இடத்தில் துல்லியம் கிடைக்காது. முதல் மாதிரிகளை வைர முனையில் கடைந்து வாங்குங்கள். மோல்டுக்குப் பணம் போடுவது அதற்குப் பிறகுதான்.

ஆறாம் படி: மேசையில் வைத்து அளத்தல்

கிருஷ்ணகிரி, பர்கூர் சுற்றுவட்டாரக் கிரானைட் பட்டறைகளில் மெருகிட்ட வெட்டுத்துண்டுகள் கிடைக்கும். இரண்டடிக்கு ஓரடி கறுப்புக் கிரானைட் துண்டு ஒன்றை வாங்கி, அடியில் ரப்பர் வைத்தால், அதிராத, வளையாத, வெயில் காலத்திலும் அதிகம் விரியாத சோதனை மேசை கிடைத்துவிடும். தொழிற்சாலைகளின் அளவுக்கூடங்களிலும் சமதளத்துக்குக் கிரானைட்டைத்தான் வைத்திருக்கிறார்கள்.

கண்ணுக்குப் பதிலாக ஸ்மார்ட்போன் கேமராவைப் பாவை இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். அதன் துவாரமும் ஏறத்தாழக் கண்பாவையின் அளவில்தான் இருக்கும். திரையில் கட்டங்களைக் காட்டி, கேமராவை இடம் வலமாக 1 மி.மீ., 1 மி.மீ. ஆக நகர்த்திப் படமெடுங்கள். கட்டங்கள் எங்கே வளைகின்றன, எந்த இடத்தில் மூலை மறைகிறது என்பதைக் குறித்தால், உங்கள் ஐபாக்ஸின் உண்மையான எல்லை தெரிந்துவிடும். பிறகு கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டி, பொய்ப்பிம்பங்களைத் தேடுங்கள்.

திரையின் இடம் மிக நுட்பமானது. 38 மி.மீ. லென்ஸில் மாயபிம்பம் 1.5 மீட்டரில் தெரிய, திரை குவியத்துக்கு ஏறத்தாழ 0.95 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும், 0.1 மி.மீ. நகர்ந்தால் 0.07 டையாப்டர் (மூக்குக்கண்ணாடி பவரின் அலகு) மாறும். 22 மி.மீ. குவியத்தூரமுள்ள பான்கேக்கில் அதே 0.1 மி.மீ. 0.2 டையாப்டர் ஆகிவிடும். சிறியதாக்கச் சிறியதாக்க, கோர்க்கும் வேலை கடினமாகும் என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

மேசையிலிருக்கும் லென்ஸின் மேல் எப்போதும் கறுப்புத் துணி போட்டு வையுங்கள். ஜன்னல் வழியாக வரும் வெயில் லென்ஸில் விழுந்தால், அது சூரியனைத் திரையின்மேல் குவித்து, சிறிது நேரத்தில் நிரந்தரமாகக் கருக்கிவிடும். லென்ஸ் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்.

ஒரு கண்ணுக்குச் சரியான பிறகே இரண்டாவது கண்ணுக்குப் போங்கள். இரு படங்களும் பக்கவாட்டில் சற்று விலகியிருந்தால் கண்கள் சமாளித்துக்கொள்ளும். மேல் கீழாக விலகினால் சமாளிக்க முடியாமல் தலைவலி வரும். செங்குத்து விலகலை 10 ஆர்க் நிமிடத்துக்குள் (ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு) வைத்துக்கொள்ளுங்கள். 38 மி.மீ. லென்ஸில் அது திரையின் இடத்தில் 110 மைக்ரான், 22 மி.மீ. பான்கேக்கில் 64 மைக்ரான். சட்டகத்தை 3டி பிரிண்டரில் மட்டும் செய்தால் இதைப் பிடிப்பது கடினம். லென்ஸும் திரையும் உட்காரும் இருப்பிடங்களையாவது அலுமினியத்தில் சிஎன்சி மில்லிங்கில் எடுத்து, இடம் வலம் இரண்டையும் ஒரே செட்டப்பில் முடித்துத் தரும்படி பட்டறையில் கேளுங்கள்.